திருகுவால் திருப்பணி

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று சொல்லிவிட்டு, அந்த வேலையை அதோடு விட்டுவிட்டவர்கள் நாம். முயற்சி போதாது. இங்கிலாந்துச் சீமான்கள் அப்படி லேசில் விடுகிற ஆட்களா? நிமிர்த்த முடியாவிட்டால் போகட்டும், உள்ளுக்குள் திருகிவிடலாமே என்று தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். கடைசியில் ஆட்டவும் முடியாத, நீட்டவும் முடியாத, சொந்தக்கார நாயே தேடினாலும் அகப்படாத ஒரு வாலைப் படைத்து உலகத்துக்கு வழங்கினார்கள். புல்டாக்கின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த முண்டைத்தான் சொல்கிறேன். பிரெஞ்சு புல்டாக்கும் பாஸ்டன் டெரியரும் இந்தப் பாக்கியத்தில் பங்காளிகள்.

இந்தத் திருப்பணி கருணையில் தொடங்கியது. காளையைக் கட்டிப்போட்டு, அதன் மூக்கைக் கவ்வ நாயை ஏவிவிடும் வேடிக்கை இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் நடந்தது. 1835-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். காளை பிழைத்தது, நாய்க்கு வேலை போனது. வேலையில்லாத நாயைத் தெருவில் விட மனமில்லாத பெருமக்கள் அதைக் கண்காட்சி மேடையில் ஏற்றினார்கள். 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் உருவானது. இரண்டே ஆண்டில் புல்டாக்குக்கென்று தனிச் சங்கமும் வந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த ஓவியங்களில் அந்த நாயைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும். காலில் நீளம் இருக்கிறது, மூக்கில் நீளம் இருக்கிறது, வால் வாலாகவே இருக்கிறது. கலையுணர்வு தீண்டாத வெறும் நாய். சங்கத்தார் கைவைத்த பிறகுதான் அது களை கட்டியது. கால் குறுகியது, முகம் உள்ளே போனது, வால் முறுக்கிக்கொண்டது. எலும்பில் இவ்வளவு கணக்குப் பார்த்தவர்கள் தோலில் மட்டும் கை வைக்கவில்லை. தாராள மனசு. மிஞ்சிய தோல் முகத்திலும் கழுத்திலும் வாலடியிலும் மடிப்பு மடிப்பாக விழுந்தது.

அமெரிக்கர்கள் இன்னும் பெரிய ரசிகர்கள். அமெரிக்கன் கென்னல் கிளப் வைத்திருக்கும் இன இலக்கணத்தின்படி புல்டாக்கின் வால் நேராகவும் இருக்கலாம், திருகியும் இருக்கலாம். திருகியிருந்தால் வளைவுகள் துலக்கமாகத் தெரிய வேண்டும். வெடுக்கென்று ஒடிந்தாற்போலவும் முடிச்சு முடிச்சாகவும் இருந்தால்கூடப் பாதகமில்லையாம். முதுகெலும்பின் கடைசிக் கணுக்கள் கோணி ஒன்றோடொன்று ஒட்டிப்போனால் மருத்துவர்கள் அதைக் குறைபாடு என்பார்கள். ரசனை கெட்டவர்கள். 2018-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், இந்தத் திருகலுக்குப் பின்னால் டிவிஎல்2 என்ற மரபணுவில் விழுந்த ஒரு பிசகு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதே குடும்பத்து மரபணுக்கள் மனிதர்களிடம் பிசகினால் ராபினோ என்ற அரிய நோய்க்குறி வருகிறது: குட்டை உடல், அகன்ற முகம், கோணிய முதுகெலும்பு. மனிதக் குழந்தைக்கு வந்தால் நோய். நாய்க்குட்டிக்கு வந்தால் பரிசுக் கோப்பை.

கோப்பையின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். திருகிய வால் கீழ்நோக்கி அழுந்தி உட்கார, அதன் அடியிலும் சுற்றிலும் தோல் உள்வாங்கி ஒரு பை உண்டாகிறது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை மாதிரிதான். வெளியே பார்த்தால் இருப்பதே தெரியாது, விரலை விட்டால் உள்ளே ஒரு உலகமே இருக்கும். சில நாய்களுக்கு விரலின் முதல் கணு முழுக்க உள்ளே போய்விடும். காற்றுப் புகாது, வெளிச்சம் படாது, சூடு குறையாது, ஈரம் காயாது. தோலும் தோலும் உரசிச் சிவக்கும். உதிர்ந்த முடி, எண்ணெய்ப்பசை, போகிற போக்கில் ஒட்டிக்கொண்ட மலம் எல்லாம் அங்கே சேமிப்பில் இருக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் மலசேசியா என்ற ஈஸ்ட்டும் எந்த நாயின் தோலிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அவை பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும். இந்தப் பையைக் கண்டதும் குடும்பம் குட்டியோடு குடியேறிவிடுகின்றன. முன்பணம் கேட்காத இப்படியொரு வீடு சென்னையில் யாருக்குக் கிடைக்கிறது?

மற்ற நாயாக இருந்தால் திரும்பி நக்கித் துடைத்துக்கொள்ளும். அந்தச் சிரமத்தையும் புல்டாக்குக்கு வைக்கவில்லை. கட்டைக் கழுத்து, பெருத்த உடம்பு, நசுங்கிய முகம்; வாய் அங்கே எட்டவே எட்டாது. எஜமானரைக் கண்டால் வாலாட்ட வழியில்லாமல் இடுப்பை மொத்தமாக ஆட்டும். அதை நாம் கைபேசியில் படம் பிடித்து, எவ்வளவு க்யூட் என்று நாலு பேருக்கு அனுப்புவோம்.

புல்டாக் வளர்ப்பவர்களின் மூக்கையும் பாராட்டாமல் இருக்க முடியாது. கூடத்தில் ஒரு வாடை சுழன்றுகொண்டே இருக்கும். முதலில் காலணி அலமாரியைச் சந்தேகிப்பார்கள், பிறகு வேலைக்கார அம்மா துடைத்த தரையை. அதன் பிறகு ஊதுவத்தி ஏற்றுவார்கள். நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர ஆரம்பித்ததும் பூச்சி மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால் நாய்க்கு முடிவெட்டும் கடையில் கொண்டுபோய் மலவாய்ச் சுரப்பியைப் பிதுக்கிவிடச் சொல்வார்கள். சுரப்பி அடைத்தாலும் நாய் இப்படித்தான் தேய்க்கும் என்பது உண்மை. ஒவ்வொரு மாதமும் பிதுக்கியும் தேய்ப்பது நிற்கவில்லையே என்று யோசிக்காமல் இருப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும்.

"டாக்டர், கொஞ்ச நாளா பின்பக்கத்தைத் தரையிலயே தேய்க்கிறான். பூச்சி மாத்திரை குடுத்தும் கேக்கல."

"வாலுக்கு அடியில பாத்தீங்களா சார்?"

"அவனுக்குத்தான் வாலே கிடையாதே டாக்டர்!"

டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் கையுறையை மாட்டுகிறார். வாலின் முண்டை மெல்ல மேலே தூக்கி, நனைத்த பஞ்சைப் பைக்குள் விட்டுச் சுற்றி எடுக்கிறார். வெள்ளையாகப் போன பஞ்சு காப்பித்தூள் நிறத்தில் வெளியே வருகிறது. நாய் முனகுகிறது. இத்தனை நாளும் ஊதுவத்தியோடு மல்லுக்கட்டிய வாடை எது என்பது சொந்தக்காரருக்கு அப்போதுதான் புரிகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு, இதைக் கவனிக்காமல் இருக்க முடிந்த அன்பை என்னவென்று புகழ்வது!

கவனித்துவிட்டவர்களின் அன்பு இன்னும் ஒரு படி மேல். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அப்புகிறார்கள். காற்றே போகாத இடத்துக்கு எண்ணெய் மூடியும் போட்டாயிற்று. ஈரம் உறிஞ்சட்டும் என்று முகப் பவுடரைக் கொட்டுகிறார்கள். அது கசிவோடு சேர்ந்து களிம்பாகிக் கட்டி தட்டிக்கொள்கிறது. தரை துடைக்கும் கிருமிநாசினியை அப்படியே ஊற்றி, புண்ணின் மேல் ஒரு வேதிப்புண்ணையும் சம்பாதித்துத் தருகிறார்கள். சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரைப்பதைப் பார்த்துக் கிருமி சாகிறது என்று மகிழ்கிறார்கள். ஆற வேண்டிய தசையும் அதோடு சேர்ந்து கருகுகிறது. மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் கிடைக்கும் படர்தாமரைக் களிம்பு இருக்கவே இருக்கிறது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் ஒரே குழாயில். தடவியதும் சிவப்பு அடங்கும், அரிப்பு அடங்கும். உள்ளே இருப்பது மட்டும் அடங்காது. எந்தக் கிருமி என்று தெரியாமலே மூன்று மருந்தால் அடிக்கும் இந்தத் துணிச்சல் படித்த மருத்துவருக்கு வராது.

பாவம், அவர் பழைய வழியிலேயே போகிறார். மடிப்பைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரிக்கிறார். கசிவைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கிறார். பாக்டீரியாவா, ஈஸ்ட்டா, இரண்டுமா என்று தெரிந்த பிறகுதான் மருந்து எழுதுகிறார். பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின் கலந்த கரைசலோ நனைத்த துடைப்பானோ போதும். ஈஸ்ட் இருந்தால் மைக்கோனசோலும் சேரும். பைக்குள் நன்றாகத் துடைத்து, மருந்து சில நிமிடம் தங்க விட்டு, பிறகு உலர்ந்த துணியாலோ பஞ்சாலோ ஈரம் சொட்டு இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். துடைப்பதைவிட உலர்த்துவதுதான் முக்கியம் என்று அவர் படித்துப் படித்துச் சொல்வார். புண் ஆறும்வரை தினமும். ஆறிய பிறகும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. குளிப்பாட்டிய அன்று கட்டாயம். எத்தனை நாளைக்கு டாக்டர் என்றால், அவன் இருக்கும்வரை என்பார்.

புண் ஆழமாகிச் சீழ் பிடித்தால் மாத்திரை. திரும்பத் திரும்ப வந்தால் சீழை ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று பார்த்துக் கொடுப்பார். இரண்டு நாளில் வாடை போனதும் மாத்திரையை நிறுத்தி மிச்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கும் சிக்கனக்காரர்கள் நம்மிடம் நிறைய. மருந்துக்கு அசையாத ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகளை வளர்த்துவிட்டதில் அவர்களுடைய பங்கு பெரிது.

உடம்பையும் குறைக்கச் சொல்வார். கொழுப்பு ஏற ஏற மடிப்பு ஆழமாகும், பை பெரிதாகும். ஒவ்வாமை இருக்கிறதா என்றும் பார்ப்பார், அடியில் அது ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு துடைத்தாலும் புண் திரும்பி வரும். ஆனால் தேநீர் வேளையில் நாய் நம் முகத்தையே பார்க்கும்போது பிஸ்கட் கொடுக்காமல் இருக்க நாமென்ன கல்நெஞ்சக்காரர்களா?

எதற்கும் அடங்காவிட்டால் கடைசி வழி கத்தி. வாலின் முண்டையும் அதைச் சுற்றிய தோல் மடிப்பையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். அழகுக்காகக் குட்டியின் வாலை நறுக்குவது வேறு, இது வேறு. ஆசனவாயை ஒட்டிய இடம். நரம்பு பட்டால் மலம் அடக்க முடியாமல் போகலாம், தையலில் மலம் பட்டால் சீழ் பிடிக்கும். அதற்கு முன்னால் நசுங்கிய மூக்குக்கார நாயை மயக்கத்தில் ஆழ்த்தி, மூச்சுக்குழாய்க்குக் காவலிருந்து, மறுபடி எழுப்பியாக வேண்டும். அனுபவப்பட்ட கை செய்தால் பெரும்பாலான நாய்கள் நிம்மதியாகிவிடுகின்றன. பல தலைமுறைச் சீமான்கள் பாடுபட்டுத் திருகிய வாலை ஒரு அறுவை மருத்துவர் அரைநாளில் எடுத்துக் குப்பையில் போடுகிறார். கலைக்கு மதிப்பில்லாத காலம்.

தாய்வீட்டிலேயே இப்போது கொஞ்சம் மதிப்புக் குறைந்துவிட்டது. 2008-இல் பிபிசி, வம்ச நாய்களின் உடற்கேடுகளைப் பற்றி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. மறு ஆண்டு கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை ஒளிபரப்புவதையே நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு பிரிட்டிஷ் கென்னல் கிளப்புக்கு ஞானம் பிறந்தது. வால் இல்லாமல் போவதும், உள்வாங்குவதும், இறுகத் திருகுவதும் விரும்பத்தக்கவை அல்ல என்று இன்று அதன் இலக்கணம் சொல்கிறது. நூற்றாண்டு தாண்டி வந்த ஞானமானாலும் ஞானம்தானே. நாய்கள் அந்த இலக்கணத்தைப் படிக்காததால் வால் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரிட்டனில் தோல் மடிப்பு அழற்சி வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிடப் புல்டாக்குக்கு ஏறக்குறைய 38 மடங்கு. ஒரு தேசத்தின் வீரத்துக்கே சின்னமாக இருக்கும் பிராணியை அந்தத் தேசம் இதைவிட எப்படிக் கௌரவிக்க முடியும்?

அதே ஆண்டில் அமெரிக்காவில் 31 வருஷம் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரைத் தள்ளிவிட்டு, பதிவுப் பட்டியலில் பிரெஞ்சு புல்டாக் முதலிடம் பிடித்தது. மோஸ்தர் அங்கே பிறந்தால் இங்கே வந்து சேர எத்தனை நாளாகும்? சென்னையின் புழுக்கத்தில், மனிதனுக்கே அக்குளில் வேர்க்குரு வரும் ஊரில், வாலடியில் பை வைத்த நாயைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, குளிர்சாதன அறையில் வளர்க்கிறோம். நம்மூர் சிப்பிப்பாறையையும் கன்னியையும் பாருங்கள். சாட்டையாக நீண்ட வால், ஒட்டிய தோல், மடிப்பும் இல்லை, பையும் இல்லை. தானே நக்கிக்கொண்டு தானே காய்ந்துகொள்ளும். மாதாமாதம் துடைப்பான் வாங்க வைக்காத, கையுறை மாட்டிய டாக்டரை அறிமுகப்படுத்தி வைக்காத நாயை வளர்த்து யாரிடம் பெருமை பேசுவது?

ஏற்கெனவே புல்டாக் வளர்க்கிறவர்கள் இன்றைக்கே அதன் வாலைத் தூக்கிப் பாருங்கள். சிவப்போ கசிவோ வாடையோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் துடைத்து உலர்த்துவதைப் பல் தேய்ப்பதுபோல வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இனிமேல்தான் குட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் தாயைக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் தகப்பனையும். வாலடியில் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே போகிற விரலைக் கண்டு, "அதெல்லாம் வம்ச லட்சணம் சார்" என்று விற்பவர் சொன்னால், அவருடைய ரசனையை வாயாரப் புகழ்ந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புங்கள்.