நிழல் வேண்டுமா?

உள்ளேயே தங்கிக்கொள்ளும் ஆர்.வி. வண்டியோடு அரிசோனா பாலைவனத்தில் முகாம் போடப் போகிறோம். வண்டியின் பக்கவாட்டில் விரியும் துணிக்கூரையை எப்போது விரிக்கலாம்?
— ஒரு வாசகர், டல்லாஸ்

அதன் அடியில் நாற்காலி போட்டு நீங்கள் உட்காரும்போது! எழுந்து நடக்கப் போனாலும் சுருட்டிவிட்டுப் போங்கள். வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். புழுதிச் சுழல் மேகமில்லாத வெயிலில்தான் கிளம்பும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், துணியை அது உந்தும் விசை நான்கு மடங்கு. நாற்காலியில் போட்ட துண்டு படபடக்க ஆரம்பித்ததா? யோசிக்காதீர்கள், சுருட்டுங்கள்.

லேசான தூறலுக்குமா?

காற்றில்லாத தூறலென்றால் இருக்கட்டும். கூரையைத் தாங்கும் கைகளில் ஒரு பக்கத்துக் கையை மட்டும் தாழ்த்திவிடுங்கள், தண்ணீர் வழிந்தோடிவிடும். தேங்கவிட்டால் ஆபத்து. ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. தண்ணீர் நின்றாலே 10 கிலோ! முதலில் துணிக்குத் தொந்தி விழும், அடுத்து கம்பி வளையும். ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால், வெயில் கண்டதும் விரித்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

ராத்திரி விரித்தபடியே விட்டால் என்ன?

ராத்திரிக்கு நிழல் எதற்கு? அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம். இடிமழைக்கு முன்னால் காற்று திடீரென்று அறையும். நீங்கள் கண் விழிப்பதற்குள் கூரை வண்டியின் முதுகில் கிடக்கும். நீங்கள் உள்ளே தூங்கும் வண்டி அது. சுருட்டிவிட்டுப் படுங்கள்.