சகுனி: ஓர் இலக்கண ஆராய்ச்சி

'சகுனி' என்ற சொல்லுக்குத் தன்மை இடம் கிடையாது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. 'அவன் ஒரு சகுனி' உண்டு. 'நீ ஒரு சகுனி' பாகப்பிரிவினை நாட்களில் மட்டும் உண்டு. 'நான் ஒரு சகுனி' என்று சொன்னவரைத் தமிழ் பேசும் உலகில் எங்கும் காணோம். பெண்பாலுக்கு இச்சொல் அவ்வளவாகச் செல்லாது. அங்கே கூனி வந்துவிடுவாள்.

சூழ்ச்சிக்காரர் எல்லோரும் சகுனி ஆகிவிட முடியாது. இரண்டு பேருக்கு நடுவே சிண்டு முடிந்துவிட்டு வேடிக்கை பார்ப்பவர் வெறும் தொழிலாளி. நாரதர் வேலை பார்ப்பவருக்கோ, கலகம் நன்மையில் முடியும் என்ற முன்ஜாமீன் இருக்கிறது. சகுனிப் பட்டத்துக்குத் தகுதியே வேறு: சொந்த முதல் போடக் கூடாது. பாரதத்துச் சூதாட்டத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பணயம் வைத்தவன் துரியோதனன். காய் உருட்டியதுதான் மாமன். ஜெயித்தால் நாடு மருமகனுக்கு, தோற்றிருந்தாலும் நஷ்டம் மருமகனுக்கே. இன்று நம் தெருவில், "நீ கேஸைப் போடு மாப்ளே, நான் பார்த்துக்கிறேன்" என்று உசுப்பேற்றிவிட்டு, வக்கீல் ஃபீஸ் கேட்கும்போது டீக்கடைப் பக்கம் ஒதுங்குகிறாரே, அவர் இந்த மரபில் நேராக வந்தவர். சகுனியாவது பதினெட்டாம் நாள் வரை களத்தில் நின்று சகாதேவன் கையால் மாண்டார். நம்மவர் வாய்தாவுக்குக்கூட வருவதில்லை.

சிக்கல் இனிமேல்தான். சந்திரகுப்தனின் அரியணையை உறுதியாக்கச் சாணக்கியர் என்ன செய்தார் என்று 'முத்ராராட்சசம்' நாடகம் விரிவாகவே காட்டுகிறது: எதிரி அமைச்சரின் முத்திரை மோதிரம், அதை அழுத்தி ஒரு கள்ளக் கடிதம். சார்பதிவாளர் அலுவலகத்தில் இதைச் செய்து பாருங்கள், போலீஸ் வரும். ஆனாலும் அவர் பெயரில் டெல்லியில் தூதரகங்கள் வரிசைகட்டி நிற்கும் சாணக்கியபுரி இருக்கிறது. சகுனிக்குக் கொல்லம் மாவட்டத்துப் பவித்திரேஸ்வரத்தில் ஒரு கோயில் இருப்பதோடு சரி. வேறென்ன, சாணக்கியரின் ஆள் ஜெயித்தான்.

உள்ளூர்ச் சான்றும் உண்டு. ராஜாஜியை அன்பர்கள் சாணக்கியர் என்றார்கள். திமுக மேடைகளில் அவருக்குக் குல்லுகபட்டர் என்ற ஏளனப் பெயர். 1967 தேர்தலில் அவருடைய சுதந்திராக் கட்சியும் திமுகவும் கூட்டு சேர்ந்ததும், அதே மேடைகளில் மூதறிஞர் ஆனார். மூளை அதே மூளைதான். தொகுதி உடன்பாடு மட்டும் புதிது.

ஆகவே 'சகுனி'யைக் குணப்பெயர் என்று அகராதிகள் கருதினால் அது பிழை. இது இடப்பெயர். ஆள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத்தான் இச்சொல் தெரிவிக்கும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி முடியும்வரை எந்த மாமனையும் சகுனி என்று சொல்லிவிடாதீர்கள். கிணற்றடி நிலம் உங்கள் பங்குக்கு வந்துவிட்டால், அதே ஆளைச் சாணக்கியர் என்று அழைத்து இலை போட வேண்டியிருக்கும்.