பைய போங்க: புது டயர் வெள்ளோட்ட உரை

நூல் எழுந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுவது மரபு. ஆனி மாதம் ஒருநாள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு டயர் கடையில் என் காருக்கு நான்கு டயரும் புதிதாக மாற்றினேன். கடைக்காரர் பேலன்சிங் பார்த்து, அலைன்மென்ட் பார்த்து, வீல் நட்டை ஒவ்வொன்றாக இறுக்கி, கரிக்கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னார்:

"புது டயரு அண்ணாச்சி, கொஞ்ச நாளு பைய போங்க."

மூலம் இவ்வளவுதான். டயர் கம்பெனிகள் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக அச்சடித்து, யாரும் படிக்காமல் டேஷ்போர்டுக்குள் கிடக்கும் எச்சரிக்கை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது. சூத்திரம் குறுகினால் உரை நீள வேண்டும் என்பதும் மரபாகையால், சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காண்போம்.

முன்னோர் கருத்து

வள்ளுவர் அச்சைப் பற்றிச் சொன்னார், அச்சாணியைப் பற்றியும் சொன்னார். டயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1881-இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை எழுதி வெளியிட்ட கால்டுவெல்லும் இப்பொருளைத் தொடாமல் விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே காப்புரிமை வாங்கியிருந்தும் அது மறந்துபோய், 1888-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்டு டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்கு ஒன்றைச் செய்து மாட்டிய பிறகே உலகம் கவனித்தது. தவிரவும் கால்டுவெல் சென்னையிலிருந்து இந்தப் பக்கத்துக்கு நடந்தே வந்தவர். செருப்புத் தேய்மானம் பற்றிக் கேட்டிருந்தால் விரிவாகச் சொல்லியிருப்பார்.

புது டயரைப் பழக்குவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் 'பிரேக்-இன்'. நேராகப் பெயர்த்தால் உடைத்து உள்ளே புகுதல் என்றாகி, பாளையங்கோட்டைச் சிறை வரை கொண்டுபோய் விடும். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றுவதற்கு முன் வெறுந்தேராக ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அதன் பெயர் வெள்ளோட்டம். சக்கரம் உருளுகிறதா, அச்சு தாங்குகிறதா, திருப்பத்தில் திரும்புகிறதா என்று சாமிக்குத் தெரிவதற்குள் ஆசாரிக்குத் தெரிந்துவிட வேண்டும். இந்த நூலில் அச்சொல்லே ஆளப்படுகிறது.

'புது' என்பது

புதுமையாவது என்னவெனின், பில் போட்ட தேதி அன்று; பிறந்த தேதி. அது டயரின் பக்கவாட்டிலேயே நான்கு இலக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் பேசாத ஊரில், டயருக்கு மட்டும் இந்த ஜாதகத்தைப் பார்ப்பவர் அரிது.

புது டயருக்கு மேலே பளபளப்பு உண்டு. இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் மாவு ஊற்றினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரப்பரை அச்சில் வேக வைக்கிறவர்களும் ஒட்டாமல் கழன்று வர வழுக்குப் பொருள் சேர்க்கிறார்கள். இட்லியில் மிஞ்சுகிற எண்ணெய் வயிற்றுக்குள் போய்விடுகிறது. டயரில் மிஞ்சுகிற வழுக்கு ரோட்டுக்குத்தான் போக வேண்டும். (திருநெல்வேலியைப் பற்றி எழுதும் எதிலும் அல்வா வந்தாக வேண்டும் என்பது விதி. வழுக்கும் பொருளைப் பற்றிய இந்த இடத்தில் அவ்விதி நிறைவேற்றப்பட்டது.)

புது டயரில் முடியும் உண்டு. ரப்பர் அச்சை நிறைக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேற அச்சில் நுண்ணிய துளைகள் வைத்திருப்பார்கள். காற்றின் பின்னாலேயே கொஞ்சம் ரப்பரும் கிளம்பி, துளைக்குள் போய் முடியாகி விடுகிறது. இது உதிர்ந்தால் டயர் பழகிவிட்டது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். திருச்செந்தூரில் மொட்டை போட்ட மறுநாளே பிள்ளை பெரியவனாகிவிட்டான் என்று நம்புவதைப் போன்றது அது. முடிக்கும் பிடிக்கும் தொடர்பில்லை.

இரண்டு டயர்தான் புதிது என்றால் அதை எங்கே மாட்டுவது? முன்னால் என்பார் பலர். பின்னால் என்பதே நூலோர் துணிபு. முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும். காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுற்றி நின்று, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிறர் மதம் கூறி மறுத்தல்

இங்கே எலுமிச்சைக் கொள்கையினர் இடைமறிப்பர். நான்கு டயருக்கும் அடியில் ஒவ்வோர் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, நசுக்கிக்கொண்டு கிளம்பினால் வெள்ளோட்டம் முடிந்தது என்பது அவர்கள் கட்சி. புளிப்பு வழுக்கை எடுக்கும் என்று அதற்கு அறிவியல் விளக்கம் தருவோரும் உண்டு. பித்தளைக் குத்துவிளக்கில் இதைக் கண்கூடாகக் காணலாம் என்பர்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 185/65 ஆர் 15 என்னும் அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். நசுங்கிய எலுமிச்சை ஒன்று 5 சென்டிமீட்டர் இடம் பிடிக்கும் என்று தாராளமாகக் கொண்டாலும், சுற்றளவு முழுவதற்கும் 39 பழம் வேண்டும். குறுக்கே மூன்று வரிசை. ஆக டயருக்கு 117, காருக்கு 468. புளியங்குடிச் சந்தையில் மொத்தமாக வாங்கினால் கட்டுபடியாகலாம். நான்கே பழத்தை வைத்துக்கொண்டு நானூற்று அறுபத்து நான்கு பழத்தின் வேலையையும் முடித்துவிட்டதாகக் கருதுவதுதான் இக்கொள்கையின் குறை. பழத்தை வைப்பதில் நமக்கு மறுப்பில்லை. கண்ணேறு கழிவது வேறு துறை.

'கொஞ்ச நாளு' என்பது

கம்பெனிகள் கிலோமீட்டரில் பேசும். கடைக்காரர் நாளில் பேசுவார். 200 என்றும் 800 என்றும் ஆளுக்கொரு கணக்கு வழங்குவதால் நடுவே 500 கிலோமீட்டர் என்று கொள்வோம். அந்தத் தூரத்துக்கு டயர் சுமார் 2,56,000 தடவை உருள வேண்டும். ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்குமாக நாளுக்கு 8 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக் 'கொஞ்ச நாளு' என்பது 62 நாளும் ஒரு பொழுதும். ஆனித் தேரோட்டத்தன்று டயர் மாற்றினால் ஆவணி வரை பொறுக்க வேண்டும்.

அவ்வளவு பொறுமை இல்லாதார்க்கு இந்தப் பள்ளத்தாக்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. தாமிரபரணிக் கரையில் நவகைலாயம் என்று ஒன்பது சிவன் கோயில்கள் உள்ளன: பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். ஒவ்வொன்றும் ஒரு கிரகத்துக்கு உரியது. திருநெல்வேலியிலிருந்து கிளம்பி மேற்கே மலையடிவாரம் போய், ஆற்றோடு கிழக்கே இறங்கி, கடலுக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வீடு வந்தால் சுமார் 200 கிலோமீட்டர். ஒன்பது இடத்தில் நிறுத்துகிறோம். கும்பிட்டுவிட்டு வருவதற்குள் சூடேறிய டயர் ஆறிவிடுகிறது. சூடேறலும் ஆறலுமாகப் புது ரப்பர் பக்குவப்பட வேண்டும் என்று இன்றைய நிபுணர்கள் சொல்வதை, சுண்டலும் திருநீறுமாக இந்த ஆற்றங்கரை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

500 கிலோமீட்டருக்கு இரண்டரைச் சுற்று வேண்டும். சனி ஒரு ராசியில் இருப்பது இரண்டரை ஆண்டு. இதைத் தற்செயல் என்று தள்ள இடமில்லை. காரணம் அடுத்த பகுதியில்.

'பைய' என்பது

மெல்ல, நிதானமாக, பதறாமல் என மூன்று பொருளும் ஒருங்கே தரும் நெல்லைச் சொல். வேகமானியில் இதற்கு எண் கிடையாது. சனிக்கு மந்தன் என்று ஒரு பெயர் உண்டு. மெல்ல நடப்பவன் என்று பொருள். ஆகவே 'பைய' என்பதற்குரிய கிரகம் சனி, தலம் ஸ்ரீவைகுண்டம். நிரூபணம் முடிந்தது.

பைய போவது ஏன்? மேலே சொன்ன வழுக்கு ஒரு காரணம். இரண்டாவது, புது டயரின் பட்டன் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் தேய்மானக் குறி தட்டுப்பட்டு, டயரை மாற்றச் சொல்லும். உயரமான ரப்பர்க் கட்டை பக்கவாட்டில் நெளியும். திருப்பத்தில் கார் சற்று மிதப்பது போலிருக்கும். மூன்றாவது காரணம் ஓட்டுபவர். மொட்டை டயரோடு நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவருடைய காலும் கையும் அதன் குணத்துக்குப் பழகிக் கிடக்கும். புதிதாக வந்ததன் சுபாவம் பிடிபட நாளாகும். ஆக வெள்ளோட்டம் பாதி டயருக்கு, பாதி ஆளுக்கு.

இதற்குச் சான்று உரையாசிரியனின் சொந்த அனுபவம். மேற்படி டயர் மாற்றிய மூன்றாம் நாள், சேரன்மகாதேவி அருகே மலைச் சாரல் இறங்கித் தரை நனைந்திருந்தது. முன்னால் வாழைத்தார் ஏற்றிய மினி லாரி. பிரேக்கை மிதித்தேன். நிற்கும் என்று நான் நினைத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த ஒரு முழத்துக்குள் வெளியே தொங்கிய ஓர் ஏத்தன் தார் இருந்தது.

லாரிக்காரர் இறங்கி வந்தார். "பிரேக்கு இல்லையாவே?"

"பிரேக்கு இருக்கு. டயரு புதுசு."

"அப்பம் அதை ஒரு போர்டுல எழுதி முன்னாடி மாட்டும்வே."

தாருக்குப் பணம் கொடுத்தேன். ஒரு முழம் வழுக்குக்கு ஒரு தார் என்பது இவ்வாய்வில் கிடைத்த ஒரே அளவை.

ஒரு மாற்று முறையும் ஆராயப்பட்டது. மானூர்ப் பக்கம் மானாவாரி உளுந்தைச் செடியோடு பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி இறங்கினால் மணி உதிர்ந்துவிடும். டயருக்கும் தேய்த்துக் குளித்தது போலாகும், சம்சாரிக்கும் கூலி மிச்சம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் காய்ந்த செடி தானே வழுக்கும். வழுக்கும் டயரை வழுக்கும் சருகின் மேல் ஓட்டுவது, குடித்தவனைக் குடித்தவன் கையில் பிடித்துக் கொடுப்பதற்கு ஒப்பு. கைவிடப்பட்டது.

'பைய' என்பதன் முழுவடிவைக் காண விரும்புவோர் ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு வரவும். ரத வீதி நான்கிலும் தேர் நகர்வதையும், திருப்பம் வந்ததும் ஒட்டுமொத்த ஊரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதையும், முட்டுக்கட்டை போட்டு அதைத் திசை மாற்றுவதையும் பார்க்கலாம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதற்காக அத்தேர் வேகமாகப் போகத் தொடங்கிவிடவில்லை. பிரேக் இருப்பது வேகமாகப் போவதற்கு என்ற கருத்து காருக்கு மட்டுமே ஏற்பட்டிருக்கிறது.

'போங்க' என்பது

ஏவல், மரியாதைப் பன்மை. வண்டி போக வேண்டும் என்பதே இதன் கருத்து. டயர் பழகும் வரை வெளியே எடுக்க வேண்டாம் என்று போர்வை போர்த்திச் செட்டில் நிறுத்துவோர் இச்சொல்லைப் படிக்கவில்லை. நின்ற டயருக்கு நாள்தான் கூடும், பழக்கம் கூடாது.

ஆயினும் இச்சொல்லில் ஒரு குறை எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. நம் ஊரில் யாரும் யாரையும் வெறுமனே 'போங்க' என்று அனுப்புவதில்லை. சண்டை போட்டவர்கள்கூட அப்படிச் சொல்ல யோசிப்பார்கள். இரண்டரைச் சுற்று முடிந்ததும் கடைக்குப் போய் மூலபாடத்தை விசாரித்தேன். கடைக்காரர் வெளியூர் போயிருந்தார். நட்டு முடுக்குகிற தம்பி சொன்னான்:

"அண்ணன் அப்பிடிச் சொல்லலியே. 'பைய போயிட்டு வாங்க'ன்னுதான் சொன்னாவ. புது வீலு மாட்டுனா ஒரு நூறு கிலோமீட்டருல வந்து நட்டைப் பாக்கணும், காத்தைப் பாக்கணும். நீங்கதான் வரல."

பார்த்தான். இரண்டு நட்டு இளகியிருந்தது. காற்றும் குறைவு.

கம்ப்ரெசர் ஓடிய இரைச்சலில் கடைசிச் சொல்லை நான் தவறவிட்டிருக்கிறேன். எனவே மூலபாடம் திருத்தப்படுகிறது. இனி இதுவே கொள்ளத்தக்க பாடம். வாசகர்களும் நூறு கிலோமீட்டரில் ஒருமுறை நட்டையும், டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில் காற்றையும் பார்த்துக்கொண்டு, பைய போயிட்டு வாங்க.