தாழ்ப்பாள் இல்லாத மனோதத்துவம்

நம் நாட்டில் கேட்காமலே கிடைப்பவை மிகச் சில. அவற்றுள் தலையாயது உபதேசம். எனக்கும் என் தமையனாருக்கும் பூர்விக வீட்டு ஊஞ்சற்பலகை சம்பந்தமாக மனஸ்தாபம் ஏற்பட்டுப் பேச்சு நின்றுபோன செய்தி கும்பகோணத்தில் பரவிய அன்று தொடங்கி, பால்காரர் முதல் சம்பந்தி வரையில் எனக்குப் புத்தி சொல்லாதவர் இல்லை. விட்டுக்கொடு என்று பாதிப்பேரும் விடாதே என்று மீதிப்பேரும் சொன்னபடியால், கூட்டிக் கழித்ததில் மிஞ்சியது தூக்கமின்மை ஒன்றே. பெங்களூரில் உத்தியோகத்திலிருக்கும் என் பெண்தான், "அப்பா, இனிமே யார் பேச்சையும் கேட்காதீங்க, உங்க பேச்சைக் கேட்க ஒருத்தரை ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லி, கைபேசி வழியாக ஆலோசனை வழங்கும் அம்மையார் ஒருவரிடம் எனக்கு நேரம் குறித்துக் கொடுத்தாள்.

அவருக்கும் ஏறக்குறைய என் பெண்ணின் வயதுதான். "டாக்டரம்மா" என்று நான் விளித்ததும், "நான் டாக்டர் இல்லீங்க சார், சைக்காலஜிஸ்ட், மாத்திரை எழுதித் தர மாட்டேன்" என்று தெளிவுபடுத்திவிட்டார். மாத்திரை மட்டுமன்று, தீர்ப்பும் தரமாட்டார் என்பது போகப்போகத் தெரிந்தது. தமையனாரின் அக்கிரமங்களை ஆதியோடந்தமாக விவரித்து, "நியாயம் யார் பக்கம், நீங்களே சொல்லுங்கள்" என்று நான் நிறுத்தினால், "அவர் பலகையை எடுத்துட்டுப் போனப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சு சார்?" என்று கேட்டுவிட்டு மௌனமாகிவிடுவார். ஐம்பது நிமிஷத்துக்குப் பணம் கட்டியிருக்கையில் அந்த மௌனமும் என் செலவிலேயே நடைபெறுகிறது என்ற பதைப்பில், சொல்ல நினைக்காத விஷயங்களையெல்லாம் நான் சொல்லிவிடுவேன். பலகையில் தொடங்கிய பேச்சு, அப்பா அதே பலகையில் அண்ணாவை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்துக்குப் போய்ச் சேர்ந்தது அத்தகைய ஒரு மௌனத்தில்தான்.

வியன்னாவில் பிராய்டு, நோயாளியைச் சாய்வு மஞ்சத்தில் படுக்கவைத்துத் தாம் தலைமாட்டுக்குப் பின்னால் மறைவாக உட்கார்ந்துகொள்வார்; தினம் எட்டு மணி நேரம் பிறர் தம்மை உற்றுப்பார்ப்பது சகிக்கக்கூடியதன்று என்று 1913-இல் அவரே காரணமும் எழுதிவைத்தார். கைபேசிச் சிகிச்சையிலோ, ஆலோசகர் முகம் போதாதென்று நம் முகமும் திரையின் மூலையில் தோன்றுகிறது. துக்கம் தொண்டையை அடைக்கும் தறுவாயில் தன் மூக்கு விடைப்பதைத் தானே பிரத்தியட்சமாகக் காண நேர்ந்தவன் மேற்கொண்டு அழமாட்டான். தூரத்திலிருந்து மனத்தை ஆராய்வது ஒன்றும் புதுமையன்று. குதிரைக்கு அஞ்சிய சிறுவனைப் பற்றிப் பிராய்டு 1909-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரலாற்றில், சிகிச்சையை நடத்தியவர் பெரும்பாலும் சிறுவனின் தகப்பனாரே. கல்கத்தாவில் 1922-இல் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர போஸ், பிராய்டை ஒரு தரமும் நேரில் காணாமல் கடிதத்திலேயே வருஷக்கணக்கில் வாதம் புரிந்தார். ஆனால் அவர்களில் யாரும் எங்கள் வீட்டில் குடியிருந்ததில்லை.

இங்கே தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் அறை, குளியலறை நீங்கலாக, சாமான் அறை ஒன்றே. அரிசி டிரம்முக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவே அமர்ந்து நான் அந்தரங்கத்தைத் திறக்கும் வேளை பார்த்துத்தான் சமையலறையில் புளி தீர்ந்துபோகும். என் மனைவி கதவைத் தட்டி, "நீங்க பேசுங்க, நான் எதையும் கேட்கலை, அந்தப் புளி டப்பாவை மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க" என்பாள். கேட்கவில்லை என்பது உண்மையன்று என்பதற்கு, அன்று மாலையே எனக்குக் கிடைக்காத கணக்குப் பாடத்தைப் பற்றி அவள் பிரஸ்தாபித்ததே சாட்சி.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் ஆரன் பெக் என்னும் மருத்துவர் 1960-களில் வகுத்த சிகிச்சை முறையை ஒட்டி, மனத்தை வருத்தும் எண்ணத்தை ஒரு பத்தியிலும், அதற்கான ஆதாரத்தை அடுத்ததிலும், மறுப்பை மூன்றாவதிலும் எழுதிவர வேண்டுமென்று அம்மையார் பணித்தார். "அண்ணா என்னை ஒருநாளும் மதித்ததில்லை" என்று எண்ணத்தையும், "ஊஞ்சல்" என்று ஆதாரத்தையும் எழுதிய நான், மறுப்பு ஏதும் புலப்படாமையால் அந்த இடத்தைக் காலியாக விட்டுத் தூங்கப் போனேன். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மனைவியின் வீட்டில் காலியிடம் விடுவது எத்தகைய அபாயம் என்பது விடிந்ததும் விளங்கிற்று. "டைபாய்டில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் விழித்திருந்தது யார்?" என்று தொடங்கி, நம் பெண் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது யார் என்பது வரையில் மறுப்புப் பத்தி நிரம்பி வழிந்தது, போதாக்குறைக்கு, என் சந்திப் பிழைகள் சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தன.

அதைத் திரையில் காட்டியபோது, சிரிப்பதில்லை என்ற தொழில் விரதத்தை அம்மையார் அன்று ஒரு கணம் கைவிட்டார். "அடுத்த தடவை அம்மாவையும் கூட உட்காரச் சொல்லுங்க சார்" என்றார். உட்கார்ந்தாள், அதன்பின் எனக்குப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லையாயினும், கேட்பதற்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்த வாரமே அண்ணாவிடம் தொலைபேசியில் பேசினேன். பலகை இன்னமும் அவர் வீட்டில்தான் தொங்குகிறது. எனக்குத் தூக்கம் வருகிறது. கொடுத்த பணத்துக்கு இது நஷ்டமன்று என்பதே என் அபிப்பிராயம்.

கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். அழைப்பதற்கு முன்னால், புளி டப்பாவை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.