பிக்கப் சார்

பிக்கப் சாரை முழு உருவமாகப் பார்த்தவர்கள் தெருவில் குறைவு. முழங்காலுக்குக் கீழே பார்த்தவர்கள்தான் அதிகம். மீதி ஆள் வண்டிக்கு அடியில் இருப்பார். கூரியர் பையன் இரண்டு பாதங்களைப் பார்த்து, "சார், ஒரு கையெழுத்து" என்பான். அடியிலிருந்து ஒரு கை மட்டும் வரும், பேனாவைத் தேடும், கிடைக்காமல் காகிதத்தின் மேலேயே அழுந்திவிட்டு உள்ளே போய்விடும். சார் எம்.காம். படித்தவர். ஆனால் கூரியர் ஏட்டைப் புரட்டினால் வருஷக்கணக்கில் கைநாட்டுத்தான்.

அம்பத்தூர், மடிப்பாக்கம், சேலையூர் என்று எங்கெல்லாம் தனி வீடும் அகலமான கேட்டும் இன்னும் மிச்சமிருக்கிறதோ, அங்கெல்லாம் இப்படி ஒருவர் இருப்பார். வேலையில் இருந்தவரை கணக்குப் பிரிவில் அடுத்தவர் போட்ட தொகைகளைக் கூட்டிக் கழித்தவர். அந்தக் காலத்தில் அவர் கையால் முறுக்கித் திறந்தது இங்க் பாட்டில் மூடி ஒன்றுதான். ஓய்வுப் பணம் வங்கிக்கு வந்ததும் மனைவி வளையலையும் மகன் ஃபிளாட்டையும் மனதில் வைத்துக்கொண்டு காத்திருக்க, சார் ஒரு பழைய டாட்டா மொபைலை ஓட்டிக்கொண்டு வந்தார். தப்பு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

1993 மாடல். என்ன கலர் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் சாரைக் கேட்டால் குலம் கோத்திரத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். "டாட்டாக்காரன் லாரியும் பஸ்ஸுமா பண்ணிட்டிருந்த காலம் சார். அப்போ கம்பெனி பேரே டெல்கோ. 1988-ல முதமுதலா ஒரு பிக்கப் விட்டான் பாருங்க, அதான் இந்த 206. அப்புறம் 91-ல சியரா, 92-ல எஸ்டேட், 94-ல சுமோ, எல்லாம் இவனுக்குப் பின்னாடி பொறந்த தம்பிங்கதான். இன்ஜின் 1,948 சி.சி. பெஜோ வழி. பிரெஞ்சு ரத்தம்!" இவ்வளவு பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளைக்கு அன்றைய தேதியில் பிரேக் கிடையாது.

குடும்பம் பெரிசாக இருப்பதில் ஒரு சௌகரியம், தம்பிகளிடமிருந்து கழற்றியது அண்ணனுக்குப் பொருந்தும். சாரின் நம்பிக்கை அப்படி. அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது புதுப்பேட்டை. கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் கதவுகள் ஒரு மாடி உயரத்துக்கு அடுக்கியிருக்கும், கியர்பாக்ஸ்கள் நடைபாதையில் வெயில் காயும், நடுவில் டீ கிளாஸோடு ஒரு பையன் உட்கார்ந்திருப்பான்.

"தம்பி, டாட்டா மொபைலுக்கு டோர் ஹேண்டில் இருக்கா?"

"சுமோது இருக்கு சார். அப்படியே போய் உக்காரும்."

புதுப்பேட்டையில் எதைக் கேட்டாலும் ஏதோ ஒன்று அப்படியே போய் உக்காரும். வீட்டுக்கு வந்தால் உட்காராது. சாய்ந்துகொண்டு நிற்கும். லேசாக அரம் போட்டால் போதும் என்று சார் தொடங்குவார். ராவி ராவிக் கதவுதான் தேய்ந்திருக்கும். பிறகு தொழிற்பேட்டை லேத்துக்குப் போய் ஒரு புஷ் கடைந்து வருவார். 300 ரூபாய் ஹேண்டிலுக்கு 450 ரூபாய் புஷ். வீட்டில் காட்டும் கணக்கில் இரண்டுக்கும் சேர்த்து 200 ரூபாய் என்று இருக்கும். ஆயுசு முழுக்க அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தவருக்கு இது ஒரு கஷ்டமா?

அந்தக் கணக்குப் புத்தி வேறு ஓர் இடத்திலும் கைகொடுக்கிறது. எதைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் இரண்டு போல்ட்டும் ஒரு வாஷரும் மிஞ்சும். வேறு ஆளாக இருந்தால் பயப்படுவார். சார் அவற்றை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிவிடுவார். பாட்டில் மேல் லேபிள்: 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'. இப்போது இரண்டாவது பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வேலையைத்தான் நேரில் பார்க்க வேண்டும். யூடியூபில் ஒரு அமெரிக்கர் வீட்டோடு ஒட்டிய கராஜில், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் போல்ட்டைக் கழற்றுவதைச் சனிக்கிழமை ராத்திரி சார் பார்த்திருப்பார். மறுநாள் காலை ஒரு ஜாக்கி, இரண்டு ஹாலோ பிளாக், ஒரு கோணி. ஒரு முறை டீசல் ஃபில்டரை மாற்றினார். மாற்றுவது பெரிய வேலையில்லை, அதற்கப்புறம் வண்டியைக் கிளப்புவதுதான் வேலை. லைனில் துளிக் காற்று புகுந்தால் போதும், டீசல் இன்ஜின் என்ன அடித்தாலும் எழுந்திருக்காது. ஃபில்டர் தலையில் இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை விடாமல் அமுக்க வேண்டும். முதலில் வெறும் நுரை வரும், அப்புறம் டீசலும் நுரையுமாக வரும். குமிழி இல்லாத டீசல் வருகிற அந்த நொடியில் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் நாசிலுக்குப் போகிற பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, யாராவது செல்ஃப் அடிக்க, அங்கேயும் காற்றை எடுக்க வேண்டும்.

அந்த யாராவது, அவர் மனைவி. டிரைவர் சீட்டில், மடியில் முறத்தோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பார்.

"நான் அடின்னா அடி. நிறுத்துன்னா நிறுத்து."

"என்னங்க?"

"நிறுத்து!"

"அடிக்கவா?"

பானெட்டுக்குப் பின்னாலிருந்து டீசல் பீச்சும். சட்டையில் பாதி, முகத்தில் மீதி. முறத்தில் பீன்ஸ் மட்டும் ஒரே அளவில் விழுந்துகொண்டிருக்கும்.

டார்ச் பிடிப்பது மகனின் பொறுப்பு. "எங்கடா காட்டுற? என் மூஞ்சியிலயா நட்டு இருக்கு?" என்பதோடு அந்தப் பையனின் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. வாய்ப்பு கிடைத்ததும் முதல் காரியமாகப் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். இப்போது அந்தப் பதவி, பண்டிகைக்கு வந்து மாட்டிக்கொள்கிற மாப்பிள்ளைக்கு. அவரும் டார்ச்சைச் சாரின் கண்ணுக்குத்தான் காட்டுகிறார். ஆனால் மாப்பிள்ளையை எப்படித் திட்டுவது? "மாப்பிள்ளை... கொஞ்சம் சிரமம் பாக்காம இந்தப் பக்கம் காட்டினீங்கன்னா... இல்ல இல்ல, நீங்க காட்டுனதும் நல்லாத்தான் இருந்தது..." பல்லைக் கடித்துக்கொண்டு அடியிலிருந்து வருகிற அந்த மரியாதையைக் கேட்கவே தெருவில் இரண்டு பேர் நிற்போம்.

திங்கட்கிழமை மெக்கானிக் பாய் வருவார். பானெட்டைத் தூக்குவார். எந்த மெக்கானிக்கும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்பார்: "இதுல யார் சார் கை வச்சது?"

சார் முகம் மாறாது. "ஒரு ஆள்கிட்ட குடுத்தேன் பாய். சரியில்ல."

"வேலையே தெரியாத ஆளா இருப்பான்போல. இந்தப் பக்கம் மாட்ட வேண்டியதை அந்தப் பக்கம் மாட்டி வச்சிருக்கான். இனிமே அவன்கிட்ட குடுக்காதீங்க சார்."

"சேச்சே, இனிமே போவேனா?"

பாய்க்கு விஷயம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆளைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் ஒரு தனிக் களை வந்துவிடுகிறது.

வீட்டுக்குள் இழப்பு வேறு. பழைய டூத்பிரஷ், கொட்டாங்குச்சி, அன்னக்கூடை எல்லாம் ஒவ்வொன்றாக வாசலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. கை துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் வாங்குகிறார். இருந்தும் அவசரத்துக்குக் கையில் சிக்குவது மனைவியின் புதுத் துண்டாகத்தான் இருக்கிறது. கோலம் போடுகிற இடத்தில் இன்ஜின் ஆயில் சொட்டி, நிரந்தரமாக ஒரு கறுப்பு வட்டம். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. அதையே நடுப்புள்ளியாக வைத்துச் சுற்றிப் போட்டுவிடுகிறார்.

சட்டத்தில் சாரை யாரும் மடக்க முடியாது. முன்னால் உருண்டைக் கம்பியில் ஒரு பம்பர், மலையேறுகிற லாரிக்கு இருக்கிற மாதிரி ஏர் ஹார்ன், கூரை மேல் எல்.இ.டி. விளக்கு வரிசை, எல்லாம் அவரே மாட்டியவை. எல்லாம் கூடாதவை என்பதும் அவருக்கே தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அந்த முன்கம்பிக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசு அனுப்பிய கடிதம், மூன்றையும் பாராமல் சொல்வார். சரக்கு வண்டி என்பதால் வருஷத்துக்கு ஒரு எஃப்.சி. உண்டு. அதற்கு முந்தின வாரம் எல்லாம் கழன்று மாடிப்படிக்கு அடியில் போய்விடும். பட்டி டிங்கரிங் பார்த்து, பளபளவென்று, கம்பெனியிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிற்கும். அடுத்த வாரம் எல்லாம் திரும்ப ஏறிவிடும். 15 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2022 ஏப்ரலில் எஃப்.சி. கட்டணத்தை ஏற்றியபோது மட்டும் சார் ஒரு நாள் சாப்பிடவில்லை. பணத்துக்காக இல்லை, "கெழவன்னு சொல்றான் பாருங்க" என்றார்.

ஆயுத பூஜைக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். பழம் நசுங்க வண்டி நகர வேண்டும். ஹீட்டர் பிளக் சூடாகும்வரை விளக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார், சாவியைத் திருப்புவார், உள்ளே ஒரு இருமல் கேட்கும். நல்ல நேரம் முடியப் போகிறது என்று குரல் வந்ததும் பின்னால் நாங்கள் எல்லோரும் கை கொடுப்போம். பொரியும் சுண்டலும் அதற்கப்புறம்தான்.

இத்தனைக்கும் இது சுமை தூக்கப் பிறந்த வண்டி. அதன் பின் தொட்டியில் இதுவரை யாரும் எதையும் ஏற்றியதில்லை. முதலில் அடித்தளம் துருவாக இருந்தது, ஏற்ற முடியவில்லை. சார் செக்கர் ஷீட் போட்டார். ஷீட்டில் கீறல் விழக் கூடாது என்று அதன் மேல் ரப்பர் மேட். மேட் வெயிலில் வெளுக்காமலிருக்கத் தார்ப்பாய். பக்கத்து வீட்டில் ஒரு ஃபிரிட்ஜை ரிப்பேர் கடைவரை கொண்டுபோகக் கேட்டார்கள். "ஃபிரிட்ஜா?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் மகள் வீடு மாறினாள். அம்பத்தூரிலிருந்து போரூர், பக்கம்தான். காலையில் தெருவில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. 2005-ல் வந்த அந்த டாட்டா ஏஸும் ஒரே வீட்டுப் பிள்ளைதான், கடைக்குட்டி. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், துளசி மாடம் எல்லாவற்றையும் முக்காமல் வாங்கிக்கொண்டது. நாலு சிலிண்டர் அண்ணன் தார்ப்பாய்க்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு கட்டியபடியே டிரைவர் தம்பி கேட்டான்.

"சார், உங்க வண்டி எவ்ளோ லோடு தாங்கும்?"

"அசால்ட்டா ஒரு டன் தாங்கும்பா."

"அப்புறம் என்னை ஏன் சார் கூப்ட்டீங்க?"

"இப்பதான்பா பெயிண்ட் காஞ்சிருக்கு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். சோபா செட்டும் பாத்திர மூட்டைகளும் இன்னும் வாசலில் கிடந்தன. எல்லார் கண்ணும் தார்ப்பாய் பக்கம் திரும்புவதைச் சார் கவனித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

"இன்னொரு ட்ரிப் அடிச்சிடு தம்பி. காசு நான் தரேன்." பிறகு காதைச் சாய்த்து அவன் இன்ஜினைக் கேட்டார். "டாப்பெட் சத்தம் வருதே. ஞாயித்துக்கிழமை கொண்டா, நானே பிரிச்சுப் பாக்கறேன்."

இரண்டாவது ட்ரிப்புக்கு வேறொரு குட்டி யானை வந்தது.