தம்பதி சமேதராய்க் கைப்பேசி வாங்குதல்

ஒருமுறை மின்னேற்றினால் மறுநாள் மாலை வரை தாங்க வேண்டும், காதுக்கருவி சொருக ஒரு துளை வேண்டும் என்ற நிபந்தனைகளோடு கணவரும், பேரனின் புகைப்படத்தில் அவன் இமைமயிர்களைத் தனித்தனியே எண்ண வேண்டுமென்ற ஏக லட்சியத்தோடு மனைவியும், பழைய கைப்பேசிகள் இரண்டும் ஏககாலத்தில் பிராணனை விட்டபடியால், சென்னை ரிச்சி தெருவுக்கு விஜயம் செய்தனர்.

2016-இல் ஆப்பிள் நிறுவனத்தார் ஐபோன் 7-இல் அந்தத் துளையை ஒழித்து, அதைத் தைரியத்தின் லட்சணமென்றும் பிரகடனம் செய்ததிலிருந்து, விலையுயர்ந்த கைப்பேசிகளுக்குத் துளை அநாசாரமாகிவிட்டதென்றும், மலிவான ரகங்களில்தான் அது ஜீவித்திருக்கிறதென்றும் கடைப் பையன் உபதேசித்தான். மலிவானது என்ற சொல்லைக் கேட்டதும் அம்மையாரின் முகம் சுருங்கியது. கணவரின் முகமோ (அவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர்) பிரகாசித்தது.

அம்மையாருக்கு அவன் காட்டியது 108 மெகாபிக்சல் காமிரா. அர்ச்சனைக்குரிய அந்தப் புனித எண்ணில் அவர் சொக்கி நிற்க, ஒன்பது புள்ளிகளை ஒன்றாகக் கலந்து சாதாரணமாக 12 மெகாபிக்சல் படத்தையே அது அருளும் என்ற ரகசியத்தைப் பையன் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டான்.

ஜோடியாக வாங்கினால் தள்ளுபடி என்றதும் தர்க்கம் ஓய்ந்தது. துளையில்லாத கைப்பேசிகள் இரண்டையும், சுற்றுச்சூழலின் க்ஷேமத்தை உத்தேசித்துப் பெட்டியில் வைக்கப்படாத சார்ஜர்கள் இரண்டையும் தனி விலைக்கு வாங்கிக்கொண்டு, தள்ளுபடிக்கு மேல் செலவழித்த திருப்தியுடன் அவர்கள் ஆட்டோ ஏறினர்.