மிட்டாய்க்கார மருமவனுக்கு

மருமவனே, உன்னைய மாதிரி தாராள மனசுக்காரன நான் பார்த்ததில்ல. அரைக்கிலோ கடலை மிட்டாய். ஒரே அடுப்பு, ஒரே பாகு, ஒரே டப்பா. அத ஒரு ஆன்லைன் கடையில 240 ரூபாய்க்கு விக்குத, அடுத்ததுல 219, மூணாவதுல 189, சொந்த வெப்சைட்டுல 230. கர்ணன்கூட கேட்டவனுக்குத்தான் கொடுத்தான். நீ கேக்காதவனுக்கும் அள்ளிக் கொடுக்குத.

2020ல கோவில்பட்டி மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ ஊரே நெஞ்ச நிமித்துச்சு. குறியீடு ஒண்ணு, விலை நாலா? 240ஐப் பார்த்தவன் கொள்ளைக்காரன்ம்பான். 189ஐப் பார்த்தவன் போலிச் சரக்குன்னு நெனப்பான். நீ ரெண்டுக்கும் நடுவுல உக்காந்து, ஸ்டார் குறையுதே மாமான்னு என்கிட்ட பொலம்புத.

யாரு பாக்கப் போறான்னு மட்டும் கேக்காத. முன்னக் காலத்துல வெல விசாரிக்கக் கடை கடையா ஏறி எறங்கணும், இப்பப் பெருவிரல் போதும். மனுசனாவது சோம்பேறி, மிஷினு சும்மா இருக்குமா? அமேசான்ல போட்ட சரக்கு வெளிய ரொம்ப சல்லிசாக் கெடைக்குன்னு அது மோப்பம் பிடிச்சா, உன் சரக்க முன்னால நிக்க விடாது. நீ விளம்பரத்துக்குக் கொட்டுன காசு அம்புட்டும் போச்சு. அந்த மிஷின ஏய்க்குதோம்னு நீயும் வெல மாத்துற மென்பொருள் ஒண்ணு வாங்கப் போறியாமே? வாங்கு. அதுக்கு முன்னாடி ஒரு கதையக் கேட்டுக்கோ.

2011ல அமேசான்ல ரெண்டு பேரு ஒரே புத்தகத்த வித்தாக. ஈ எப்பிடி உருவாகுதுன்னு எழுதுன ஆராய்ச்சிப் புத்தகம். எதிராளி வெலையில துளி கொறைச்சுப் போடுன்னு ஒருத்தன் மிஷினுக்குச் சொல்லிட்டான். எதிராளி வெலையப் போல 1.27 மடங்கு போடுன்னு மத்தவன் சொல்லிட்டான். ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கப் போயிட்டாக. மிஷினு ரெண்டும் மாத்தி மாத்தி ஏத்துனதுல வெல 2 கோடியே 36 லட்சம் டாலரத் தாண்டிருச்சு. அனுப்புற கூலி 3.99 டாலர் தனி! அந்த நாணயத்தத்தான் நான் ரசிக்கேன். உன் மிஷினு மேல ஏறாது, கீழதான் எறங்கும். இதுக்குக் கீழ போகாதேன்னு ஒரு தரை வெலையச் சொல்லி வைக்காம அத அவுத்து விட்றாத.

சரி, நீ சொல்லுததுலயும் நியாயம் இருக்கு. கடைக்குக் கடை பிடித்தம் வேற வேறதான். மீஷோ கமிஷனே இல்லங்கான். அமேசான் 2025ல இருந்து 300 ரூபாய்க்குக் கீழ நெறைய சரக்குக்குக் கமிஷன எடுத்துட்டான். அதக் கேட்டுட்டு நீ துள்ளிக் குதிச்ச பாரு! கூரியர்க் கூலிய யாருடா எடுத்தா? அரைக்கிலோ வரைக்கும் ஒரு கூலி, அதத் தாண்டுனா அடுத்த படி. உன் மிட்டாய் மட்டுமே அரைக்கிலோ. டப்பாவும் அட்டைப்பெட்டியும் சேந்தா? எடையோட நிக்கவும் மாட்டாக. நீளம், அகலம், உயரத்தச் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுப்பாக, எது கூடவோ அதுக்குத்தான் கூலி. உன் பெட்டிக்குள்ள பாதி காத்து. கோவில்பட்டிக் காத்துக்குக் கூலி கொடுத்து டெல்லிக்கு அனுப்புத.

ஜி.எஸ்.டி.க்குப் பிடிக்கிற அரை சதவீதம், வருமான வரிக்குப் பிடிக்கிற 0.1 சதவீதம், இதுக்கெல்லாம் அழாத. அது உன் கணக்குல வரவா வந்து சேரும். கமிஷனும் கூலியும் ரிட்டன் நட்டமும்தான் போனது போனதுதான். இதெல்லாம் கழிச்சு எந்தக் கடையில உன் கைக்குக் கம்மியா வருதோ, அந்தக் கடைக் கணக்க வச்சு வெலையப் போடு. அதையே நாலு எடத்துலயும் போடு. நீ இருக்குறதுலயே மலிவான கடைக் கணக்க வச்சுல்லா வெல போட்டுட்டு நிக்க. மத்த கடையில லாபம் கூட வருமே மாமாங்க. வந்தா கசக்குமா?

வெலைய வித்தியாசப்படுத்தாம ஒனக்குத் தூக்கம் வராதுன்னா, சரக்க வித்தியாசப்படுத்து. ஒரு கடைக்கு 400 கிராம் பொட்டலம், கூலியும் மொதப் படியிலயே நிக்கும். இன்னொரு கடைக்கு மூணு பொட்டலம் சேந்த கட்டு. ஆனா ஒரே டப்பாவுல கடைக்கொரு எம்.ஆர்.பி. ஒட்டலாம்னு நீ ரகசியமா யோசிச்சது எனக்குத் தெரியும். ஒரே பொட்டலத்துக்கு ரெண்டு எம்.ஆர்.பி. கூடாதுன்னு 2018 ஜனவரியிலயே விதி வந்தாச்சு. முத்திரை ஆய்வாளர் வந்தா மிட்டாய் கொடுத்துச் சமாளிக்க முடியாது. ஒரு கிராம் என்ன வெலைன்னும் உறையில அச்சடிக்கணும், அதனால பொட்டலத்துக்குப் பொட்டலம் ரொம்ப தூரம் ஓடிராத.

கடைசியா அந்தக் கூப்பன். 189 ரூபா பக்கத்துல 20 ரூபா கொறைப்புன்னு ஒண்ணு தொங்குதுல்லா, அது யாரு காசு? கம்பெனிக்காரன் காசுன்னு நெனச்சு நீயே சரின்னு தட்டியிருக்க. செட்டில்மென்ட் சீட்டத் தொறந்து பாரு, உன் பங்குலதான் கழிச்சிருக்கான். கூப்பன் போக 169. பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரருக்கு நீ மொத்த வெலையாப் போடுதது 180.

அவரும் நானும் பேசி முடிவு பண்ணிட்டோம். இனி உன் பட்டறைக்கு வந்து சரக்கெடுக்கப் போறதில்ல, செல்லுலயே எடுத்துக்கிடுதோம். கூரியர்க்காரன் கடை வாசல்லயே எறக்கிட்டுப் போறான், ஆட்டோச் செலவும் மிச்சம். வெலையத் திருத்தத்தான் போற, திருத்து. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறு. அவரு இன்னொரு ஆர்டர் போடணும்ங்காரு.